சுபைதா சாச்சி யன்னலில் வைத்த மாங்காய்

கிண்ணியாத் துறையடியில் சுபைதா சாச்சியின் முகத்தைக் கண்டவர்கள் குறைவு. குரலைக் கேட்காதவர்கள் ஒருவரும் இல்லை. அக்கரைக்கும் இக்கரைக்கும் வாகனங்களை ஏற்றி இறக்கும் படகுப்பாதையில் வேலை செய்கிறவர்களுக்கு, அன்றைக்குச் சாச்சி வீட்டில் என்ன கறி, யாருக்கு ஏச்சு, எந்தக் கோழி அடுத்த வளவில் முட்டையிட்டது என்பதெல்லாம் தெரிந்திருக்கும். அதே ஆட்கள் வேலி ஓரமாக நடந்து வந்தால் சாச்சி சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். குரல் மட்டும் வெளியிலேயே நிற்கும்.

சாச்சி என் உம்மாவின் கடைசித் தங்கை. நான் தோப்பூரில் வளர்ந்தவன். எங்கள் குடும்பத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டம் எடுத்துக்கொண்டு வந்த முதல் ஆள். ஆசிரியர் நியமனம் வரும்வரை சாச்சி வீட்டில் தங்கியிருந்தேன். தபால்காரர் படகுப்பாதையால் இறங்கித்தான் வரவேண்டும் என்பதால், வருகிற கடிதத்தை அவர் கையிலிருந்து முதலில் வாங்க அதைவிட நல்ல இடம் இல்லை. சாச்சி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "பீஏ, தண்ணி அள்ளு." "பீஏ, தேங்காய் உரி." பட்டம் வீணாகவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பேக்கரிப் பாணுக்கும் வரிசை, சீனிக்கும் வரிசை. அந்த வருடம்தான் சாச்சியின் மூத்த மகள் அசனாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை ஹிஸ்புல்லா, திருகோணமலை நகரத்துப் பிள்ளை, துறைமுகத்தில் எழுதுவினைஞர். எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் மகளுக்குப் போய்விடும். தாயும் தகப்பனும் வளவின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். நான் அறிய இதில் யாரும் மனவருத்தப்பட்டதில்லை. சாச்சிக்கும் அந்த வீடு அப்படித்தான் கிடைத்தது.

மாப்பிள்ளையின் உம்மா வீட்டைப் பார்க்க வந்தார்; சித்தி பரீதா என்பது அவர் பெயர். பெரிய உடம்பு, வெற்றிலை போட்ட வாய், நல்ல மனுஷி. வாசலிலிருந்து கிணற்றடிவரை பார்த்துவிட்டு ஒரு குறைதான் சொன்னார்.

"எல்லாம் நல்லம் மச்சி. இந்தக் குசினிதான்..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. தென்னங்கிடுகால் அடைத்த குசினி. உள்ளே நின்றால் கூரை எங்கே முடிகிறது, புகை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நாங்கள் உள்ளே நிற்கிற ஆட்களை இருமலைக் கொண்டுதான் அடையாளம் காண்போம்.

"கல்லால கட்டிப் புகைபோக்கி வெச்சுத் தாறம்," என்றார் சாச்சி.

"நீலம் அடிச்சுத் தாங்க," என்றார் சித்தி பரீதா. "எங்கட குசினி நீலம். மகன் நீலக் குசினியில சாப்பிட்டு வளந்தவன். வேற நிறத்துல அவனுக்குச் சோறு இறங்காது."

இப்படித்தான் சண்டை தொடங்கியது. சண்டை என்பது தெரியாமல் சித்தி பரீதா வெற்றிலையை மென்றுகொண்டு வீட்டுக்குப் போனார்.

குசினி எழும்பியது. சீமெந்துக் கற்சுவர், கிழக்கே ஒரு யன்னல், மேலே புகைபோக்கி. அசனாவின் வாப்பா கலீலுர் றஹ்மான், எனக்குச் சாச்சா, துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்கிறவர், தன் யோசனையைச் சொன்னார். அவருக்கு உலகத்தில் ஒரே நிறம்தான் நிறம்: கப்பலுக்கு அடிக்கிற சாம்பல். வெள்ளைக்காரக் கடற்படை போன காலத்தில் ஏலத்தில் எடுத்த பெயின்ற் பேணிகள் கட்டிலுக்குக் கீழே இருந்தன. படலை, கோழிக்கூடு, கட்டில் கால், சைக்கிள், கிணற்றுத் துலா எல்லாம் சாம்பல். அந்த வீட்டில் அசையாமல் நின்ற எதையும் சாச்சா விட்டுவைக்கவில்லை. கோழிகள் ஓடித் தப்பியிருந்தன.

"சாம்பல் அடிச்சாக் கரி பட்டாலும் தெரியாதுகா," என்றார்.

"கரி தெரியக்கூடாதெண்டா கரியவே பூசலாமே," என்றார் சாச்சி. "இவ்வளவு காலமும் அதத்தானே பூசிக்கொண்டு கிடந்த நான்."

"அப்ப நீலமா?"

"நீலமுமில்ல. பச்சை."

"என்ன பச்சை?"

சாச்சி தேங்காயை எடுத்துத் துருவத் தொடங்கினார். சாச்சா எழும்பிப் போன பிறகுதான் எனக்கும் அசனாவுக்கும் சொன்னார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஆகவே வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு மட்டுமே கேட்டிருக்கும்.

"இவள் பொறக்கக்குள்ள டவுன் ஆஸ்பத்திரியில கிடந்தனான். என்ட சீவியத்துல அப்பிடி ஒரு கிடை கிடந்ததில்ல. கட்டிலுக்கு நேரா ஒரு சுவர், வெளிறின பச்சை. காலையில கண்ணத் துறந்தாலும் அந்தப் பச்சை, பின்னேரமும் அந்தப் பச்சை. ஒருத்தரும் வந்து 'சுபைதா, தேத்தண்ணி' எண்டு கேக்கல்ல. ஒரு நேர்ஸ் நோனா தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து எனக்குத் தந்தா. எனக்கு!"

துருவின தேங்காயைக் குவித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அண்டையிலிருந்து நினைச்சிரிக்கன். எனக்கொரு கல்லுக் குசினி வந்தா அந்தச் சுவரத்தான் அதுல பாக்கணும் எண்டு. வீட்ட உனக்கு எழுதித் தாறம், பின்னுக்குப் போறம், எல்லாம் சரி. அதுக்கு முன்ன இந்த ஒரு சுவர் என்ட சொல்லுல நிக்கட்டும். நிக்காஹ் முடிஞ்சாப் பொறகு நான் வாய் துறக்க மாட்டன்."

"நீங்க? வாய் துறக்க மாட்டீங்க?" என்றாள் அசனா.

"போடி."

பிறகு சாச்சி என் பக்கம் திரும்பினார். "பீஏ, நீ படிச்சவன்தானே. அந்தப் பச்சைக்கு ஒரு பேர் சொல்லு, பெயின்ற் அடிக்கிற ஆளுக்குச் சொல்ல."

நான் மரகதம் என்றேன். "அது மோதிரத்துல வெக்கிற." பாசிப்பச்சை என்றேன். "கிணத்துல வழுக்கிற." கிளிப்பச்சை என்றேன். "பல்கலைக்கழகத்துல உனக்குச் சாப்பாட்டத் தவிர வேற ஒண்டும் தரல்லயா?" என்று கேட்டார்.

பெயின்ற் அடிக்கிற ஆள் பக்கீர் நானா. கடைகளில் பெயின்ற் தகரம் காணக் கிடைக்காத காலம் என்றபடியால் சுண்ணாம்பைக் கரைத்து, நிறப்பொடி கலந்து, தும்புப் பிறஸ்ஸால் அடிப்பார். அவரிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பெண்கள் உள்ளே இருந்தால் அவர் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார். சாச்சியோ அடுப்படியை விட்டு அசைகிற ஆள் இல்லை. ஆகவே பேச்சுவார்த்தை சுவருக்கு இரு பக்கமும் நின்று நடந்தது. பக்கீர் நானா வெளியே வாளிக்குள் எதையாவது கலக்கித் தென்னை மட்டைத் துண்டில் தடவி, யன்னலுக்குள்ளால் நீட்டுவார். வெளியிலிருந்து பார்த்தால் அவர் யன்னலுக்குச் சோறு ஊட்டுவது போல இருக்கும்.

"இதா ராத்தா?"

"இது முருங்கை இலை."

அடுத்த மட்டை.

"இதா?"

"இது பாம்பு."

"எந்தப் பாம்பு ராத்தா?"

"பச்சைப் பாம்பு. வெளியில எடுங்க, பயமா இரிக்கி."

வேலிக்கரை முழுவதும் பச்சை மட்டைகள் குவிந்தன. கடைசியில் பக்கீர் நானா வாளியைக் கீழே வைத்தார்.

"ராத்தா, நிறத்த வாயால சொல்ல ஏலாது. சாமானக் காட்டுங்க. என்ன நிறம் வேணுமோ அந்த நிறத்துல ஒரு சாமான யன்னல்ல வெச்சிடுங்க. நான் ஆள் இல்லாத நேரமா வந்து பாத்து, அச்சொட்டா அதையே அடிச்சிட்டுப் போறன். ஒரு மயிரிழை பிசகாது."

இது அவருடைய வழக்கமான ஏற்பாடுதான். கிண்ணியாவில் அவர் ஒருவருக்குச் சேலைக்கரையைப் பார்த்துக் கதவு அடித்துக் கொடுத்திருக்கிறார். இன்னொருவருக்கு இறாலைப் பார்த்துச் சுவர் அடித்தார். பச்சை இறாலா, அவித்த இறாலா என்று கேட்டுவிட்டுத்தான் அடித்தார் என்று சொல்வார்கள்.

யன்னலில் சாமான் வைக்கலாம் என்ற செய்தி பரவியதும் யன்னல் சந்தையாகிவிட்டது. சாச்சா சத்தமில்லாமல் ஒரு சாம்பல் தகரத் துண்டை வைத்தார். சித்தி பரீதா யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, துணிக்குப் போடுகிற நீலக்கட்டி ஒன்றைக் கடதாசியில் சுற்றி ஹிஸ்புல்லாவிடம் கொடுத்தனுப்பினார். மாப்பிள்ளை படகுப்பாதையில் நின்றபடி அந்தப் பொட்டலத்தை மோதிரம் கொண்டுவருகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வாங்கி யன்னலில் வைத்தோம்.

மாப்பிள்ளை அக்கரைக்குப் போனதும் சாச்சி தகரத்தைக் கோழிக்கூட்டுக்கு எறிந்தார். நீலக்கட்டியைத் துணி ஊறவைத்த தண்ணீருக்குள் போட்டார், முழுவதையும். அந்தக் கிழமை சாச்சாவின் வெள்ளைச் சட்டைகள் வானம் மாதிரி இருந்தன. களஞ்சியத்தில் கேட்டவர்களுக்கு அவர் என்ன பதில் சொன்னாரோ தெரியாது. அதே தண்ணீரில் கிடந்த பழைய மஞ்சள் தலையணை உறை ஒன்று பச்சையாக வெளியே வந்தது. அசனா அதைக் கொடியில் போட்டுவிட்டு, "உம்மா, இதுக்குக் காமாலை சுகமாகிட்டுது," என்றாள். சாச்சி திரும்பியும் பார்க்கவில்லை. அவருடைய கண் கிணற்றடி மாமரத்தில் இருந்தது.

அந்த விலாட் மாமரத்தில் நான் எத்தனை தரம் ஏறினேன் என்பதைச் சொன்னால் என் பட்டத்துக்கு மரியாதை இல்லை. சாச்சி கீழே நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பார்.

"அது கடும் பச்சை. அங்கால உள்ளது. அதில்ல, அதுக்குப் பின்னால ஒளிச்சுக்கொண்டு இரிக்கே, அது."

"எல்லாம் மாங்காய்தானே சாச்சி."

"எல்லாச் சுவரும் சுவரா?"

கடைசியில் ஒன்று அகப்பட்டது. இலைக்குள் மறைந்திருந்து வெயில் படாமல் முற்றின காய். வெளிறின பச்சை, மேலே மாப்பூசின மாதிரி. சாச்சி அதைச் சேலையால் துடைத்துக் கைக்குள் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. சாச்சி பேசாமல் நிற்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

"இதுதான்," என்றார். "அச்சொட்டா இதுதான்."

அந்த மாங்காயை யன்னலின் நடுவில் வைத்தார். புதுக் குசினிக் கதவைச் சாத்தினார். பக்கீர் நானாவின் மனைவி ஸாலிஹாவை வேலியடிக்குக் கூப்பிட்டு, "சாமான் யன்னல்ல இரிக்கி, நாளைக்கு வந்து அடிக்கச் சொல்லு, சுண்ணாம்புப் பையும் உள்ளதான் இரிக்கி," என்று சொன்னார். அந்த ஒரு பை சுண்ணாம்புக்காகச் சாச்சா நகரத்தில் யார் யாருக்கோ சலாம் போட்டிருந்தார். பிறகு கலியாணச் செய்தி சொல்லவென்று சாச்சி, அசனா, நான் மூவரும் தோப்பூருக்குப் புறப்பட்டோம். ஒரு இரவு தங்கி வருவதாகத்தான் ஏற்பாடு.

என் உம்மாவின் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு இரவில் திரும்புவது வழக்கமில்லை. சாச்சி காலையில் பையைத் தூக்குவார். உம்மா பையைப் பறிப்பார்.

"போறதெண்டாப் போ. இண்டைக்கு இல்ல."

"ராத்தா, குசினி அடிச்சிரிப்பாங்க, பாக்கணும்."

"சுவர் எங்க ஓடப்போகுது?"

அடுத்த நாள் கோழி அறுத்தார்கள். அதற்கடுத்த நாள் பெரியப்பா வீட்டில் விருந்து. நாங்கள் அங்கே இருந்த நாளெல்லாம் கச்சான் காற்று அடித்தது. தென்மேற்கிலிருந்து வருகிற அந்தச் சுடுகாற்றில் கொடியில் போடுகிற துணி, ஒரு முனையை விரிக்கிறபோதே மறுமுனை காய்ந்திருக்கும். எங்கள் ஒருவருக்கும் யன்னலில் இருக்கிற மாங்காயின் நினைவு வரவில்லை. பக்கீர் நானாவுக்கு வேறொரு வேலை வந்து, அடுத்த நாளே போகாமல் சில நாள் பிந்திப் போயிருக்கிறார் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கியதும் சாச்சி முன்னால் நடந்தார். ஓடினார் என்றே சொல்லலாம். சேலைத் தலைப்பு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். நானும் அசனாவும் பைகளோடு படலைக்கு வரும்போது சத்தம் கேட்டது.

குசினி மஞ்சளாக இருந்தது. பழுத்த விலாட் மாம்பழத்தின் மஞ்சள். நாலு சுவரும் ஒரே சீராக, குறை சொல்ல ஏலாத மஞ்சள். உச்சியில், கூரையை ஒட்டி, நாலு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்புப் பட்டி.

யன்னலில் ஒரு மாங்கொட்டை இருந்தது. சூப்பி, கழுவி, நேராக நிமிர்த்தி வைத்திருந்தது.

சாச்சா சைக்கிளை விட்டு இறங்கினார். "நல்லாத்தானே இரிக்கி? நீதானே சொல்லிப்போட்டுப் போனாய்?"

"நீங்க பாத்திட்டும் சும்மா இருந்தீங்களா?"

"எனக்குச் சாம்பல் இல்லாத நிறமெல்லாம் ஒண்டுதான்."

ஆள் அனுப்பிப் பக்கீர் நானாவைக் கூப்பிட்டோம். அவர் வந்து வழக்கம்போல வெளியே, யன்னலுக்குப் பக்கத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். சாச்சி உள்ளே நின்றார்.

"பக்கீர் நானா! நான் உங்களுக்கு வெச்சது பச்சைக் காய்!"

"இல்ல ராத்தா. நான் கண்டது மஞ்சள் பழம்."

"காய்!"

"பழம். காம்படியில செக்கச் செவேலெண்டு கொஞ்சம் சிவப்பும் இருந்த. மேல சிவப்புப் பட்டி அடிச்சது அதுக்குத்தான். சாமான்ல உள்ளத விட்டுட்டு அடிக்கிற ஆள் நான் இல்ல."

"எங்க அந்தச் சாமான்? கொண்டு வாங்க பாப்பம்!"

பக்கீர் நானா தொண்டையைச் செருமினார்.

"திண்டுட்டன் ராத்தா."

படகுப்பாதைப் பக்கம் யாரோ சிரித்தது கேட்டது.

"வேலை முடிஞ்சாப் பொறகுதான் திண்டன்," என்றார் அவர், இப்போது கொஞ்சம் தைரியமாக. "நீங்களே யோசிச்சுப் பாருங்க. காயெண்டா நான் உப்பும் மிளகாய்த்தூளும் இல்லாமத் தின்பனா? திண்டதே அத்தாட்சி."

பேராதனையில் தர்க்கம் ஒரு பாடமாகப் படித்தவன் நான். அந்த வாதத்தில் எனக்கு ஓட்டை ஒன்றும் தெரியவில்லை. அதைச் சாச்சியிடம் சொல்லியிருக்கக்கூடாது.

சாச்சி மாங்கொட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புத் திட்டில் இருந்துவிட்டார். சுண்ணாம்புப் பை வெறுமையாகக் கிடந்தது. வாளியில் பாதிக்கு மஞ்சள் கரைசல் மிச்சம் இருந்தது, காயாமல் ஈரச்சாக்கு போட்டு மூடியபடி. இனிச் சுண்ணாம்புக்கு எங்கே போவது? கலியாணம் கிட்ட வந்துவிட்டது. அசனா பக்கத்தில் போயிருந்து, "மஞ்சளும் வடிவுதான் உம்மா," என்றாள்.

"ஓம். வடிவுதான்," என்றார் சாச்சி. இதைச் சொன்ன குரல் வேலி தாண்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த நாள் பகல் சித்தி பரீதா இரண்டு பெண்களோடு வந்தார். புதுக் குசினி வாசலில் நின்று உள்ளே பார்த்தவர், வெற்றிலையை மெல்லுவதையே நிறுத்திவிட்டார்.

"என்ன மச்சி இது? நான் நீலமல்லவா சொன்னனான்?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்து கட்டிலில் இருந்து, ஒரு தலையணையை முதுகுக்கு இழுத்துச் சாய்ந்துகொண்டார்.

"கோவம் இல்ல மச்சி. உங்கட வீடு, உங்கட சுவர். ஆனா என்ட மகன் இந்த மஞ்சளுக்குள்ள இருந்து சாப்பிடுவானா? எனக்கு அதுதான் கவலை. மெலிஞ்ச பிள்ளை. அவன்ட உடம்பப் பாத்தீங்கதானே."

ஹிஸ்புல்லாவின் உடம்பை நாங்கள் பார்த்திருந்தோம். கவலைப்பட அதில் ஒன்றும் இல்லை. ஆனால் தாய்க்கு அப்படித்தான் தெரியும். சாச்சி பதில் சொல்ல வாயைத் திறந்தார். நல்ல பதிலாகத்தான் இருந்திருக்கும். ஆக்களைக் கூட்டுகிற பதிலாகவும் இருந்திருக்கும். அந்த நேரத்தில் அவருடைய கண், சித்தி பரீதாவின் தோளுக்குப் பின்னால் பிதுங்கிக்கொண்டிருந்த தலையணையில் பட்டது.

மஞ்சளாக இருந்து நீலத் தண்ணீருக்குள் கிடந்து பச்சையாகிய அந்தப் பழைய உறை. கச்சானில் நன்றாகக் காய்ந்து வெளிறிப்போயிருந்தது.

சாச்சி வாயை மூடினார். பிறகு, நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டறியாத ஒரு பணிவோடு பேசினார்.

"மச்சி சொன்னாச் சொன்னதுதான். நீலமே போடுவம்."

சாச்சா திடுக்கிட்டு நிமிர்ந்தார். அசனா என்னைப் பார்த்தாள்.

"ஆனா சுண்ணாம்புக்குத்தான் வழியில்ல," என்று சாச்சி இழுத்தார். "இரிக்கிற சுண்ணாம்புலதான் நீலத்தக் கலக்கணும். நீலக்கட்டியும் முடிஞ்சிட்டுது..."

"அதுக்கென்ன! நான் அனுப்புறன்!" சித்தி பரீதாவின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு வேணும்?"

"வேணுங்கிற அளவு," என்றார் சாச்சி.

பின்னேரமே ஹிஸ்புல்லா மறுபடியும் படகுப்பாதையால் இறங்கினார், இந்த முறை பெரிய பொட்டலம். மறுநாள் விடிய பக்கீர் நானா வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் சாச்சி.

"ராத்தா, ஒரு கதை சொல்லணும். மஞ்சள் வாளியில நீலத்தப் போட்டா நீலம் வராது."

"பக்கீர் நானா, மாப்பிள்ளையிட உம்மா நீலம் போடச் சொல்லியிரிக்கா. நீங்க நீலத்தப் போடுங்க. வாறது வரட்டும்."

வெளியே பக்கீர் நானா மெதுவாகச் சிரிக்கத் தொடங்கினார். வாளி ஆடுகிற சத்தம் கேட்டது.

"விளங்கிட்டுது ராத்தா. போடுறன்."

நீலத்தைத் துண்டு துண்டாக உடைத்துக் கரைத்தார். மட்டையில் தடவி வெயிலில் காயவைத்து யன்னலுக்குள்ளால் நீட்டினார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னொரு நிறம் என்று இந்தத் தரம் இருவருமே அவசரப்படவில்லை.

"இன்னும் மஞ்சள் நிக்குது."

மறு மட்டை.

"இன்னும் கொஞ்சம்."

மறு மட்டை.

"இன்னும் ஒரு கிள்ளு."

அடுத்த மட்டை உள்ளே வந்தது. சாச்சி அதைக் கையில் வாங்கினார். கையில் வாங்கியது அதுதான் முதல் தரம். பார்த்தார். வெளியே பக்கீர் நானா இன்னொரு துண்டை வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நிப்பாட்டுங்க!"

பக்கீர் நானா நிறுத்தினார். நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்த படகுப்பாதையும் நின்றது. அதில் ஒரு லொறியும் தபால்காரரும் இருந்தார்கள். என்ன ஏது என்று தெரியாமல், சாச்சி சொன்னால் காரணம் இருக்கும் என்று நிறுத்தியிருக்கிறார்கள்.

பின்னேரத்துக்குள் சுவர் மூன்று பச்சையாகிவிட்டது. நாலாவதும் அடுத்த நாள் முடிந்தது. உச்சியில் இருந்த சிவப்புப் பட்டியை அழிக்கவா என்று பக்கீர் நானா கேட்டார். சாச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிடக்கட்டும். பாவம், நீங்க பாத்துப் பாத்து அடிச்சது," என்றார். ஆஸ்பத்திரியில் அப்படிப் பட்டி இருந்ததா என்று நான் கேட்டேன். "ஆஸ்பத்திரியவிட என்ட குசினி கொஞ்சம் மேலதான் இரிக்கட்டுமே பீஏ," என்றார்.

கலியாணத்தன்று சித்தி பரீதா குசினிக்கு வந்தார். வெளியே பெரிய அடுப்பில் புரியாணி வெந்துகொண்டிருந்தது. அரிசி கிடைத்த கதையைச் சொன்னால் அது வேறொரு நாள் வேலை. அவர் வாசலில் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். மற்றப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"இது... நீலமா மச்சி?"

"உங்கட நீலந்தான் மச்சி. நீங்க தந்தனுப்பினதுல ஒரு துண்டு மிச்சம் வெக்கல்ல. பக்கீர் நானாவக் கேளுங்க." ஒரு சொல்லும் பொய் இல்லை.

"வெளிச்சத்துக்கு ஒரு மாதிரித் தெரியுது போல."

"ஓம் மச்சி. இஞ்ச தண்ணிக்கரை வெளிச்சம்."

சித்தி பரீதா உள்ளே வந்து பலகையில் இருந்தார். முதுகைச் சுவரில் சாய்த்தார். வெளியே ஆரவாரம், பிள்ளைகள் ஓடுகிற சத்தம், யாரோ தண்ணீர் கேட்கிற சத்தம். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. "என்னவோ மச்சி, கண்ணுக்கு நல்லாத்தான் இரிக்கி," என்றார். மாப்பிள்ளை ஊர்வலமாக வந்து இறங்கியபோது அவருடைய உம்மாவைத் தேடினார்கள். குசினியில் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, வாயில் வெற்றிலையோடு நித்திரையாக இருந்தார்.

ஹிஸ்புல்லாவுக்குச் சோறு இறங்கியதா என்று கேட்பீர்கள். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சுவர் என்ன நிறம் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது.

சாச்சியும் சாச்சாவும் பின்வளவுச் சின்ன வீட்டுக்குப் போனார்கள். அங்கே சாச்சா குசினிக்குத் தன் பேணியைத் திறந்தார், சாச்சி மறுக்கவில்லை. "இது சமைக்கிற குசினி," என்று மட்டும் சொன்னார். அப்போது எனக்கு விளங்கவில்லை.

கலியாணம் கழிந்த சில நாளில், ஒரு பகல், நியமனக் கடிதம் வந்துவிட்டதென்று சொல்ல நான் பெரிய வீட்டுக்குள் ஓடினேன். விறாந்தையில் யாரும் இல்லை. குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். புதுப்பெண் அசனா அடுப்படியில் புகையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாள். சாச்சி பாயும் தலையணையும் கொண்டுவந்து போட்டு, அந்தச் சுவருக்கு நேராகக் காலை நீட்டிப் படுத்திருந்தார். தலைக்குக் கீழே அந்தப் பச்சை உறை. கண் பாதி மூடியிருந்தது. என்னைக் கண்டும் எழும்பவில்லை. விரலை உதட்டில் வைத்து, சத்தம் போடாதே என்று காட்டினார்.

பிறகு, அக்கரையில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் எடுத்தார்.

"அசனா! தேத்தண்ணி!"